மழலையர் வகுப்புக்கு முன் எழுத்துப் பயிற்சி: எதைத் தொடங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

பதிவு 1 | கேள்விக்குறி

என் மகனுக்கு 4 வயது நிரம்பிவிட்டது. அடுத்த கல்வியாண்டில் மழலையர் வகுப்பில் சேர இருக்கிறான். கிறுக்குவதில் அவனுக்குச் சலிப்பே கிடையாது. நின்ற கோடு, படுத்த கோடு, வட்டம், கூட்டல் குறி ஆகியவற்றைப் பார்த்துப் போடுகிறான். சதுரம் போடச் சொன்னால் மட்டும், மூலைக்கு வந்ததும் கை திரும்பாமல் வளைந்துவிடுவதால், வட்டத்துக்கும் சதுரத்துக்கும் இடைப்பட்ட ஓர் உருவம் வருகிறது. பென்சிலை நான்கு விரல்களாலும் சுற்றிப் பிடிக்கிறான்.

புள்ளிகளின்மீது எழுதிப் பழகும் பயிற்சி ஏடு ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். முதல் சில பக்கங்களை ஆர்வமாக நிரப்பியவன், இப்போது அந்த ஏட்டை எடுத்தாலே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவன் வயதையொத்த உறவுக்காரப் பிள்ளைகள் உயிரெழுத்துகள் முழுவதையும் எழுதுவதாகக் கேள்விப்படும்போது கவலை வருகிறது.

எழுத்துகளைக் கற்றுக்கொடுத்துத்தான் வகுப்புக்கு அனுப்ப வேண்டுமா? பென்சில் பிடியை இப்போதே திருத்த வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவு 2 | சிலேட்டுப்பலகை

என் இரு பிள்ளைகளுக்கும் வகுப்பில் சேரும் முன்பே எழுத்துகளைப் பழக்கிவிட்டேன். அதனால் அவர்கள் கெட்டுப்போகவில்லை. ஒரு வகுப்பில் இருபது, முப்பது பிள்ளைகள் இருக்கும்போது, ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து எழுதவைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஓரளவு எழுதத் தெரிந்த பிள்ளை வகுப்பில் தன்னம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கும். தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து மிரளும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. தினமும் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடம் பிடித்தால் கொஞ்சம் செல்லம் கொடுத்து எழுதவைக்கலாம்.

பதிவு 3 | நிதானம்

சிலேட்டுப்பலகை அவர்களே, ஐந்தில் வளைய வேண்டும் என்றுதான் பழமொழி சொல்கிறது. நான்கில் ஒடிக்கச் சொல்லவில்லை.

சிறு குழந்தையின் கையையும் ஏழு வயதுக் குழந்தையின் கையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் எக்ஸ்ரே படம் ஒன்று பகிரப்படுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிறு குழந்தையின் மணிக்கட்டில் எலும்புகளே இல்லாதது போல் இடைவெளியாகத் தெரியும். எலும்பே முற்றாத கையில் பென்சிலைத் திணிப்பது எந்த விதத்தில் நியாயம்? ஆறு வயது வரை பென்சிலே வேண்டாம் என்பது என் கருத்து. ஓடட்டும், ஏறட்டும், மண்ணைக் குழைக்கட்டும். எழுத்து தானாக வரும்.

பதிவு 4 | விரல்நுனி

பிள்ளைகளின் கை இயக்கம், அன்றாடச் செயல்பாடுகள் ஆகியவற்றில் உதவும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். முதலில் அந்த எக்ஸ்ரே படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாக இருப்பதால் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. பிறந்த சில மாதங்களில் முதல் இரண்டும், பிறகு ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக மற்றவையும் எலும்பாகத் தொடங்குகின்றன. பட்டாணி எலும்பு எனப்படும் கடைசி எலும்பு தென்படுவதற்குள் பிள்ளைக்கு 8 வயதுக்கு மேல் ஆகிவிடும். எலும்பு முற்றுவதை அளவுகோலாக வைத்தால் நான்காம் வகுப்பு வரை யாரும் பென்சிலைத் தொடக் கூடாது. எழுதுவதற்குத் தேவைப்படுவது எலும்பின் கடினம் அல்ல. தோள் அசையாமல் நிற்க வேண்டும், மணிக்கட்டு சற்றுப் பின்னோக்கி நிமிர்ந்திருக்க வேண்டும், விரல்கள் தனித்தனியாக அசைய வேண்டும், கண் பார்த்த வடிவத்தைக் கை திருப்பிப் போட வேண்டும். இவை நான்கும் பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் வளரும். ஆகவே ஆறு வயது வரை பென்சிலே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே வேளையில், நான்கு வயதில் தினம் ஒரு பக்கம் எழுத்து என்பதையும் ஏற்க முடியவில்லை.

கேள்விக்குறி அவர்களே, உங்கள் மகனின் சதுரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வடிவங்களைப் பார்த்து வரையும் திறன் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் வருகிறது. நின்ற கோடும் படுத்த கோடும் வட்டமும் 3 வயதை ஒட்டி வரும். கூட்டல் குறி 4 வயதை ஒட்டி வரும். சதுரத்துக்கு நாலரை வயது ஆகும். சாய்ந்த கோடுகள் அதற்குச் சற்று முன்பின்னாக அமைந்து, இரு சாய்ந்த கோடுகள் வெட்டிக்கொள்ளும் பெருக்கல் குறி 5 வயதை ஒட்டியும், முக்கோணம் அதற்குப் பிறகும் வரும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நாம் வரைந்து காட்டி, அந்தக் கையசைவைப் பார்த்துப் பிள்ளை செய்வது ஒன்று. வரைந்து முடித்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு தானே வரைவது வேறொன்று. முதலாவது சில மாதங்கள் முன்னதாகவே வந்துவிடும். பெற்றோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, "நேற்று போட்டான், இன்று போட மறுக்கிறான்" என்பார்கள். நேற்று அருகில் உட்கார்ந்து காட்டியிருப்பார்கள். இன்று படத்தை மட்டும் நீட்டியிருப்பார்கள்.

இந்த வடிவங்களுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு அனுமானம் அல்ல. கீத் பீரி, நார்மன் பக்டெனிக்கா ஆகியோர் 1967இல் வெளியிட்ட கண்-கை ஒருங்கிணைப்புச் சோதனையில், எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும்படி வடிவங்கள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 60 பேரிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வில், அந்த வரிசையின் முதல் ஒன்பது வடிவங்களைச் சரியாக வரைந்த பிள்ளைகள், வரைய முடியாத பிள்ளைகளைவிட மிகுதியான எழுத்துகளைப் பார்த்து எழுதினார்கள். ஒன்பதாவது வடிவம் முக்கோணம். மழலையர் வகுப்பில் சேரும் முன் ஒரு பிள்ளை அவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, பிடி. ஒன்றரை வயதில் முஷ்டியால் பிடிப்பார்கள். இரண்டு, மூன்று வயதில் உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, விரல்கள் அனைத்தும் பென்சிலின் மேல் இருக்கும். மூன்றரை, நான்கு வயதில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் பென்சிலைப் பற்றிக்கொள்ளும். ஆனால் அசைவு மணிக்கட்டிலிருந்தும் முன்கையிலிருந்தும் வரும். விரல்களே பென்சிலை நகர்த்துவது 5 வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோ தொடங்கும். நான்கு விரல்கள் பென்சிலைத் தொடுவது குற்றமே அல்ல. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 120 பேரைக் கொண்டு 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், மூவிரல் பிடி, நால்விரல் பிடி, கட்டைவிரல் பக்கவாட்டில் குறுக்கே வரும் அவற்றின் மாற்று வகைகள் என நான்கு பிடிகளை ஒப்பிட்டபோது, எழுத்தின் தெளிவிலோ வேகத்திலோ வேறுபாடு தென்படவில்லை. விரல் மூட்டுகள் வெளுக்கும் அளவுக்கு அழுத்துவது, சிறிது நேரத்திலேயே கை வலிக்கிறது என்பது, பென்சில் முனை எங்கே போகிறது என்று பார்க்க முடியாதபடி கை மறைப்பது ஆகிய மூன்றும் இருந்தால்தான் நான் தலையிடுவேன்.

பதிவு 5 | கேள்விக்குறி

மிக்க நன்றி. அப்படியானால் அந்தப் புள்ளி ஏட்டை எடுத்து வைத்துவிடலாமா? பென்சில் வேண்டாம் என்றால் வேறு எதைக் கொடுப்பது?

பதிவு 6 | வண்ணச் சாக்பீஸ்

முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஏட்டை எடுத்து வைத்துவிடுங்கள் என்பதே என் பதில். காரணத்தையும் சொல்கிறேன்.

புள்ளியால் அச்சிட்ட "ப" என்ற எழுத்தின்மீது பிள்ளை எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள். இடப்பக்கக் கோட்டை மேலிருந்து கீழே இறக்கும். கையை எடுக்கும். பிறகு வலப்பக்கக் கோட்டையும் மேலிருந்து கீழே இறக்கும். கடைசியில் அடிக்கோட்டை வலமிருந்து இடமாக இழுத்து இரண்டையும் சேர்த்துவிடும். ஒரே இழுப்பில் இறங்கி, நகர்ந்து, ஏற வேண்டிய எழுத்து மூன்று துண்டுகளாகிவிட்டது. ஆனால் பக்கத்தைப் பார்த்தால் புள்ளிகள் அனைத்தும் அழகாக மூடப்பட்டிருக்கும். நாமும் நட்சத்திரம் போட்டுக் கொடுத்துவிடுவோம். புள்ளிகளைத் தவறவிடாமல் மூட வேண்டும் என்பதிலேயே பிள்ளையின் கவனம் முழுவதும் போய்விடுவதால், அந்த எழுத்து எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்பது மனத்தில் பதிவதே இல்லை.

பென்சில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீளமான பென்சிலைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு உடைத்த கிரேயான் துண்டுகளைக் கொடுங்கள். துண்டு சிறிதாக இருந்தால் முஷ்டியால் பிடிக்க இடமே இருக்காது. விரல் நுனிகள்தான் பிடித்தாக வேண்டும். யாரும் "இப்படிப் பிடி, அப்படிப் பிடி" என்று சொல்லத் தேவையில்லை. சாக்பீஸ் துண்டும் அதே வேலையைச் செய்யும். அது சற்றுச் சொரசொரப்பாக இழுபடுவதால், கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கை உணரும். வழுவழுப்பான தாளில் கூரான பென்சில் வழுக்கிக்கொண்டு போகும்போது அந்த உணர்வு கிடைப்பதில்லை.

இரண்டாவதாக, தாளைச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளையின் கண் மட்டத்தில் ஒட்டிவிட்டு நின்றுகொண்டே வரையச் சொல்லுங்கள். நிமிர்ந்த பரப்பில் வரையும்போது மணிக்கட்டு தானாகப் பின்னோக்கி வளையும், தோள் வேலை செய்யும். மேசையில் மடங்கி விழுந்து எழுதும் பிள்ளைகள்கூடச் சுவரில் நேராக நிற்பதைக் காண்கிறேன்.

கத்தரிக்கோலால் தாளை வெட்டுவது, களிமண்ணை உருட்டி நீளமான இழையாக்குவது, துணி கொக்கியை அழுத்தித் திறப்பது, மணி கோப்பது ஆகியவற்றை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் இவற்றோடு நின்றுவிடக் கூடாது. மணி கோத்த பிள்ளைக்கு எழுத்து தானாக வந்துவிடாது. விரலுக்கு வலு வரும், அவ்வளவுதான். வரைந்தால்தான் வரைதல் வரும்.

பதிவு 7 | சிலேட்டுப்பலகை

புள்ளி ஏட்டை இப்படி ஒரேயடியாக ஒதுக்குவது சரியாகப் படவில்லை. கையைப் பிடித்து எழுதவைப்பதும் ஒரு வகையில் அதன்மேல் எழுதுவதுதானே? காலங்காலமாக அப்படித்தானே கற்றோம்? மேலும், சில பிள்ளைகளுக்கு வெற்றுத் தாளைக் கொடுத்தால் ஒன்றும் ஓடாது. ஒரு வழி காட்ட வேண்டும்.

பதிவு 8 | விரல்நுனி

நீங்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. முதல் முறை ஓர் எழுத்தின் பாதையை உணர்த்துவதற்கு, விரலால் அதன்மேல் தடவிப் பார்ப்பது பயன்படும். தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளியும் போகும் திசைக்கு ஓர் அம்பும் இருந்தால், அச்சிட்ட எழுத்தின்மேல் ஓரிரு முறை எழுதிப் பார்ப்பதில் தவறில்லை. பக்கம் பக்கமாக அதையே செய்வதுதான் பயனற்றது.

இதைப் பற்றிக் கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு உண்டு. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் எழுத்துகளை மூன்று விதமாகப் பழக்கினார்கள். வெற்றுத் தாளில் தாமே எழுதுவது, அச்சிட்ட எழுத்தின்மேல் எழுதுவது, விசைப்பலகையில் தட்டுவது என்பவை அவை. பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையின் செயல்பாட்டை எம்ஆர்ஐ மூலம் பார்த்தபோது, வாசிப்புக்கு உரிய பகுதிகள் தாமே எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் விழித்துக்கொண்டன. பிள்ளை தானாக எழுதும் "ப" ஒரு முறை கோணலாகவும், ஒரு முறை குட்டையாகவும், ஒரு முறை வாய் விரிந்தும் வரும். இத்தனை வேறுபாடுகளுக்கும் பொதுவானது எது என்பதை மூளை பிடித்துக்கொள்வதுதான் எழுத்தறிதல் என்று அவர்கள் விளக்குகிறார்கள். எனவே கோணலைக் கண்டு அழிப்பானைத் தேடாதீர்கள். அந்தக் கோணலுக்கு ஒரு வேலை இருக்கிறது.

மரியேக் லோங்காம்ப் குழுவினர் 2005இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், 3 முதல் 5 வயது வரையான பிள்ளைகளில் ஒரு சாராரைக் கையால் எழுதவும், மற்றவரை விசைப்பலகையில் தட்டவும் பழக்கினார்கள். கையால் எழுதியதால் எழுத்தை அடையாளம் காண்பதில் கிடைத்த நன்மை, அக்குழுவில் வயதில் மூத்த பிள்ளைகளிடம்தான் வெளிப்பட்டது. கையால் எழுதுவதை மெச்சும் பலர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை. மூன்று வயதில் எழுதவைத்து முந்திக்கொள்ளலாம் என்பதற்கு இந்த ஆய்வு துணை வராது.

பதிவு 9 | வாத்தியார்

முதல் வகுப்பு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் எங்களிடம் வந்து சேரும்போது என்ன நிலையில் இருப்பார்கள் என்பதைச் சொல்கிறேன். இந்த விவாதத்தில் அது விடுபட்டிருக்கிறது.

ஒன்றுமே எழுதத் தெரியாமல் வரும் பிள்ளையால் எனக்கு எந்தத் தொல்லையும் இருந்ததில்லை. கரும்பலகையில் நான் எழுதுவதைப் பார்க்கும், காற்றில் விரலால் எழுதும், சில வாரங்களில் பிடித்துக்கொள்ளும். எல்லா எழுத்துகளையும் எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர்தாம் கடினம். "ட"வை வலது கோடியிலிருந்து தொடங்கி இடப்பக்கம் இழுத்து மேலே ஏற்றுவார்கள். பூச்சியத்தைக் கீழிருந்து சுற்றுவார்கள். பார்வைக்கு எழுத்து சரியாகவே இருக்கும். மூன்றாம் வகுப்பில் வேகமாக எழுத வேண்டி வரும்போதுதான் அதன் விளைவு தெரியும். மற்றவர்கள் ஒரே ஓட்டத்தில் போகிற இடத்தில் இவர்கள் நின்று நின்று போவார்கள். எழுத்துகள் உடைந்து, ஒன்றோடொன்று மோதும். ஆயிரம் முறை ஒரு திசையில் சென்ற கையை எதிர்த்திசைக்குத் திருப்புவதைவிட, ஒன்றும் அறியாத கையைப் பழக்குவது எளிது.

அதனால் சிலேட்டுப்பலகை அவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன் அம்மா. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தொடங்கும் இடத்தையும் போகும் திசையையும் கவனித்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் முன்கூட்டியே பழக்கியதில் எந்தக் குறையும் இல்லை. நோட்டைக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கும் வீட்டில்தான் சிக்கல். நேரம் இல்லையென்றால் எழுத்தையே தொட வேண்டாம். படம் வரையவிடுங்கள். படத்துக்குத் திசை கிடையாது.

எழுத்தைத் தொடங்குவதென்றால் அகர வரிசையைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். "அ" ஒரு சிறு சுழியில் தொடங்குகிறது. "இ" முழுக்க வளைவு. நான்கு வயதுக் கைக்கு இவை இரண்டும் கடினமானவை. நின்ற கோடும் படுத்த கோடும் போட வருகிற பிள்ளைக்கு "ட" வந்துவிடும். அதன் வலது நுனியை மேலே ஏற்றினால் "ப". ஏறிய கோட்டை இடப்பக்கமாக வளைத்துக் கீழே இறக்கினால் "ம". ஒன்று தெரிந்த கைக்கு அடுத்தது பாதி தெரிந்ததாகிவிடும். வாயால் சொல்லும்போது அகர வரிசை, கையால் எழுதும்போது கோட்டு வரிசை என்று இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். "ண"வின் சுழிகளை எண்ணி எழுதும் வேலையை முதல் வகுப்புக்கு விட்டுவிடுங்கள். அதற்கு அவசரம் இல்லை.

பதிவு 10 | சோற்றுக்கைக்கு எதிர்க்கை

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் மகள் எல்லாவற்றுக்கும் இடக்கையைத்தான் நீட்டுகிறாள். வகுப்பில் சேர்வதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பதிவு 11 | விரல்நுனி

மாற்றக் கூடாது. மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கையர். எந்தக் கை என்பது மூளையின் ஒழுங்கமைப்பைச் சார்ந்தது. பெரும்பாலான பிள்ளைகளிடம் அது 4 முதல் 6 வயதுக்குள் உறுதிப்பட்டுவிடும். இன்னும் உறுதிப்படாத பிள்ளையாக இருந்தால், பொருளை நேர் நடுவில் வைத்து, எந்தக் கை வருகிறது என்று பாருங்கள். நீங்களாக ஒரு கையில் திணிக்காதீர்கள்.

இடக்கையருக்குத் தாளை வைக்கும் விதம்தான் முக்கியம். வலக்கைப் பிள்ளை தாளைச் சற்று இடப்பக்கம் சாய்த்து வைக்கும். இடக்கைப் பிள்ளைக்குத் தாள் உடலின் நடுவிலிருந்து இடப்பக்கமாக நகர்ந்திருக்க வேண்டும். அதன் இடது மேல்மூலை உயர்ந்து, வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பென்சிலை முனையிலிருந்து சற்று மேலே, ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் எழுதியது கண்ணுக்குத் தெரியும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், எழுதியதைப் பார்ப்பதற்காக மணிக்கட்டைக் கொக்கிபோல் மேலே வளைத்துக்கொண்டு எழுதப் பழகிவிடுவார்கள். பின்னால் அது வலியைத் தரும். அருகில் வலக்கைப் பிள்ளை உட்கார்ந்தால் முழங்கைகள் இடிக்கும் என்பதால், வகுப்பில் மேசையின் இடது ஓரத்தில் இடம் கேட்டு வாங்குங்கள். வலக்கைக்காரர் எழுதிக்காட்டும்போது எதிரே உட்கார்ந்து காட்டினால், இடக்கைப் பிள்ளை உங்கள் கையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துப் பின்பற்ற முடியும். அப்போது காகிதத்தைப் பிள்ளையின் பக்கம் திருப்பி வைத்து, திசை மாறாமல் எழுதிக்காட்டுங்கள். கொஞ்சம் பழக வேண்டும், ஆனால் முடியும்.

பதிவு 12 | மூவரின் தந்தை

கண்ணாடி என்றதும் என் கேள்வி. என் கடைக்குட்டிக்கு ஐந்து வயது. 3 என்ற எண்ணை எப்போதும் திருப்பித்தான் போடுகிறான். தன் பெயரைச் சில நாட்களில் வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தும் திரும்பியிருக்க எழுதுகிறான். இதைக் கற்றல் குறைபாட்டின் அறிகுறி என்று ஒருவர் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

பதிவு 13 | வண்ணச் சாக்பீஸ்

ஐந்து வயதில் இது மிகச் சாதாரணம். என் வகுப்பில் இப்படி எழுதாத பிள்ளைகளைத்தான் தேட வேண்டும். ஒரு நாற்காலி இடப்பக்கம் திரும்பி இருந்தாலும் வலப்பக்கம் திரும்பி இருந்தாலும் அது நாற்காலிதான் என்று நம் பார்வை மண்டலம் பழகியிருக்கிறது. எழுத்து ஒன்றில்தான் திசை மாறினால் பொருள் மாறும் என்பதைப் பிள்ளை புதிதாகக் கற்க வேண்டும். வாசிப்பையும் மூளையையும் ஆராய்ந்த ஸ்தானிஸ்லாஸ் தெஹேன், பழைய பழக்கத்தை மூளை கைவிட வேண்டியிருப்பதே இதற்குக் காரணம் என்று விளக்குகிறார். 3 அதிகமாகத் திரும்புவதற்கும் காரணம் உண்டு. இடமிருந்து வலமாக எழுதக் கற்கும் பிள்ளைகள், எல்லாக் குறிகளும் வலப்பக்கம் பார்க்கின்றன என்று தாமாகவே ஒரு விதியை வகுத்துக்கொள்கிறார்கள். இடப்பக்கம் வாய் திறந்த 3 அந்த விதியில் அடிபட்டுப்போகிறது.

7 வயது வரை பொறுத்திருக்கலாம். திருப்பி எழுதுவதை மட்டும் வைத்துக் குறைபாடு என்று யாரும் முத்திரை குத்த முடியாது. பெயர் வலமிருந்து தொடங்குவதற்குப் பெரும்பாலும் இடம்தான் காரணம். தாளின் வலது ஓரத்தில் பென்சிலை வைத்துவிட்ட பிள்ளைக்கு மீதி இடம் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. தாளின் இடது ஓரத்தில் ஒரு சிறு குறி போட்டுவைத்துப் பாருங்கள்.

பதிவு 14 | நிதானம்

எலும்பைப் பற்றி விரல்நுனி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான்கு வயதில் எழுத்தே வேண்டாம் என்ற கருத்திலிருந்து நான் முழுமையாக இறங்கி வரவில்லை. படம் வரையட்டும் என்று வாத்தியார் ஐயா சொன்னதே எனக்குப் போதும்.

பதிவு 15 | வாத்தியார்

நிதானம் தம்பி, கேட்கிற பிள்ளையை என்ன செய்வீர்கள்? மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், முதலில் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும் திட்டமே இருக்கவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டதால்தான் தொடங்கினார். அதுவும் பென்சிலைக் கொடுத்து அல்ல. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை இரண்டு விரல்களால், எழுதும் திசையிலேயே தடவவைத்து, கூடவே அந்த ஒலியைச் சொல்லவைத்தார். பென்சில் பழகுவதற்கு எழுத்தே இல்லாத வேறொரு வேலை. உலோகச் சட்டத்துக்குள் வடிவத்தை வரைந்து, உள்ளே இணைகோடுகளால் நிரப்புவது. கை ஒரு பக்கம் தயாராகியது, எழுத்தின் பாதை இன்னொரு பக்கம் பதிந்தது. இரண்டும் சேர்ந்தபோது, நான்கு வயதை ஒட்டிய பிள்ளைகள் திடீரென்று எழுதத் தொடங்கினார்கள்.

நான்கு வயதுப் பிள்ளை தானாக வந்து, "என் பெயரை எப்படி எழுதுவது?" என்று கேட்டால், மறுக்காமல் எழுதிக் காட்ட வேண்டும். பெயரின் முதல் எழுத்து போதும். அந்த ஓர் எழுத்தை, தொடங்கும் இடம் தவறாமல், தான் வரைந்த படத்தின் மூலையில் கையொப்பமாகப் போடட்டும். பயிற்சி ஏட்டின் ஒரு பக்கத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். ஏனென்றால் அது பிள்ளைக்குத் தேவைப்பட்டு எழுதியது.

பதிவு 16 | சிலேட்டுப்பலகை

ஐயா சொல்வது போலப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லிக்கொடுத்தேன். இருந்தாலும், தினம் ஒரு பக்கம் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது என்பது புரிகிறது. ஆனால் சேர்க்கையின்போதே பிள்ளையை எழுதச் சொல்லிப் பார்க்கும் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பெற்றோர்களுக்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பதிவு 17 | வண்ணச் சாக்பீஸ்

நியாயமான மனக்குறை. அப்படிப்பட்ட பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், எல்லா எழுத்துகளையும் மேலோட்டமாகப் பழக்காமல், பெயரையும், கோட்டு வரிசையில் எளிதான சில எழுத்துகளையும் ஒழுங்காகப் பழக்குங்கள். ஓர் அமர்வுக்கு ஐந்து நிமிடம் போதும். பிள்ளை நிறுத்தும் முன் நீங்கள் நிறுத்திவிடுங்கள். பாதம் தரையிலோ ஒரு பலகையிலோ ஊன்றியிருக்கட்டும். கால் தொங்கினால் உடல் ஆடும், உடல் ஆடினால் கோடும் ஆடும். எழுதாத கை தாளைப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். தாள் நகர்வதால் கோணும் எழுத்தைப் பிள்ளையின் தலையில் போடும் பெற்றோர் ஏராளம்.

வகுப்பு ஆசிரியரிடம் உங்கள் பிள்ளை எதுவரை வந்திருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். வடிவங்களில் இதுவரை வருகிறது, சாய்ந்த கோடு இன்னும் வரவில்லை என்று குறிப்பாகச் சொல்லும் பெற்றோரை எந்த ஆசிரியரும் மதிப்பார். "ஒன்றும் தெரியாது" என்று பிள்ளையின் எதிரில் சொல்லாதீர்கள்.

பதிவு 18 | கேள்விக்குறி

எல்லோருக்கும் நன்றி. ஏட்டை எடுத்து வைத்துவிட்டேன். சுவரில் தாள் ஒட்டியாகிவிட்டது. கடைசியாக ஒன்று. பொறுத்திருக்கலாம், பொறுத்திருக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எப்போது பொறுத்திருக்கக் கூடாது என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

பதிவு 19 | விரல்நுனி

முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனால் பொறுத்திருக்கக் கூடாது. விருப்பமின்மையைச் சொல்லவில்லை. வட்டம் போட்ட கை வட்டம் போட முடியாமல் போவதும், பொத்தான் போட்ட விரல் தடுமாறுவதும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. ஒன்றரை வயதுக்கு முன்பே குழந்தை ஒரே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி, மறு கையை மடக்கியே வைத்திருந்தால், கைப்பழக்கம் சீக்கிரம் வந்துவிட்டது என்று மகிழாதீர்கள். அந்த மறு கையில் ஏதேனும் பலவீனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்கு வயது நிரம்பியும் காட்டிக்கொடுத்தாலும் வட்டம் வராவிட்டால், ஐந்து வயதை நெருங்கியும் கோடு போடும்போது நடுவில் கை மாற்றிக்கொண்டே இருந்தால், வரைவதோடு கரண்டி பிடிப்பது, உடை மாட்டுவது, படியேறுவது ஆகியவற்றிலும் ஒத்த வயதினரைவிடத் தெளிவாகப் பின்தங்கியிருந்தால் ஒரு முறை மதிப்பீடு செய்துகொள்ளலாம். வரைவது ஒன்றில் மட்டும் பின்தங்கி, மற்றவை நன்றாக இருந்தால் பெரும்பாலும் வாய்ப்புக் கொடுத்தாலே சரியாகிவிடும்.

எந்த மதிப்பீட்டுக்கும் முன்பு கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். தாளின்மேல் மூக்கு படும்படி குனிகிறது, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு வரைகிறது என்றால், கைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. சிறு பிள்ளைகள் தமக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.